பாணுக்கு வந்த கெண்டை

எங்கள் தாமிரபரணிப் பக்கம் காய்ச்சல்காரருக்கு மட்டும் வாங்கிக் கொடுக்கும் ரொட்டியை, கொழும்பில் எல்லோரும் காலையில் தின்கிறார்கள். பாண் என்று பெயர். வெள்ளவத்தைக்கு வந்த புதிதில், பாண் கூடைக்காரர் வீடு வீடாக நிற்பதைப் பார்த்து, இத்தனை வீட்டிலும் நோயாளிகளா என்று மலைத்தேன். என் கணவருக்கு நெசவு மில்லில் வேலை. காலைச் சங்குக்கு அவர் போனால் மாலைவரை என்னோடு பேச ஆளில்லை. ஏழு மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டேன். "இவளைக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று அவர் என் அண்ணனுக்கு எழுதியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஊரில் நானும் அண்ணனும் வாய்க்காலில் தூண்டில் போட்டு வளர்ந்தவர்கள். வெல்லம் சேர்த்துப் பிசைந்த தவிட்டு உருண்டைக்குக் கெண்டை வரும்; மண்புழுவுக்குக் கெளுத்தி வரும். ஒருநாள் தனிமை தாங்காமல் மூங்கில் குச்சியில் நூலும் கொக்கியும் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த கால்வாய்க்குப் போனேன். கிளறிய இடமெல்லாம் வெறும் மணல். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த சோமாவதி என்ற சிங்களப் பெண்ணிடம் தூண்டிலைக் காட்டி, "புழு உண்டா?" என்று கேட்டேன்.

"புளுவன், புளுவன்," என்று முகம் மலர்ந்து சொல்லிவிட்டுப் போனாள்.

புழுவோடு வருவாள் என்று காத்திருந்தேன். அவளோ தன் தூண்டிலும் அரைப் பாணுமாக வந்து என் அருகே உட்கார்ந்தாள். சிங்களம் கொஞ்சம் பழகியபிறகே புரிந்தது. 'புளுவன்' என்றால் முடியும். மீன் பிடிக்க முடியுமா என்று நான் கேட்டதாக எண்ணி, 'முடியும், முடியும்' என்றிருக்கிறாள்.

பாணின் நடுச்சதையைத் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து கொக்கியில் அப்பினாள். எனக்கு நம்பிக்கையில்லை. சற்றைக்கெல்லாம் நூல் இழுபட்டது.

"பெத்தியா," என்று மீனைக் காட்டினாள்.

"கெண்டை," என்றேன். இருவரும் சிரித்தோம். மறுநாளும் போனேன். அப்புறம் போகாத நாளில்லை.

அண்ணன் வந்தபோது கெண்டைக் குழம்பு வைத்தேன். ஒரு வாய் தின்றுவிட்டு, "என்னம்மா, புளியையே காணோம்?" என்றான். சோமாவதி வீட்டில் புளிக்குப் பதிலாகப் போடும் கொறுக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்த்திருந்தேன். அவன் சொல்லும்வரை எனக்கே தெரியவில்லை.

"எங்கூடக் கிளம்புதியா?"

"இந்த மழை முடியட்டும் அண்ணே."

அவன் என் முகத்தைப் பார்த்தான். வற்புறுத்தவில்லை.

தூத்துக்குடிக் கப்பல் புறப்பட்டபோது துறைமுகத்தில் தேம்பித் தேம்பி அழுதேன். அது சிறுத்து மறைந்ததும் கணவரின் கையைப் பிடித்து, "வீட்டுக்குப் போவோம்," என்றேன். ஊர் வீட்டைச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் முகம் வெளுத்துக் கடலைப் பார்த்தார். நான் அதற்குள் பஸ் நிற்கும் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தேன். கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.