புகை போக வழியில்லாத குசினி

சூழலைக் காப்பாற்றுவது பற்றிப் பேச ஒரு பெண்பிள்ளை எங்கள் இறப்பர் தோட்டத்துக்கு வந்தது. டவுனில் வேலை பார்க்கிற பிள்ளை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். வீட்டில் சின்னச் சின்னப் பழக்கங்களை மாற்றினால் உலகம் சூடாவது குறையும் என்றது. தேவையில்லாத லைட்டை அணைக்கணும். கிட்டப் போகிற இடத்துக்கு நடந்து போகணும். சட்டியை மூடிச் சமைக்கணும்.

"இப்ப என்ன, ஹெலிகொப்டர்லயா போறோம்?" என்று பக்கத்து லயத்து வரிசை வீட்டு அக்கா கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனைவிக்கு மூச்சு இழுப்பு. புகைப் பக்கம் போகவே கூடாது என்று கரவனெல்ல ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் சமைக்கிற குசினிக்கு ஜன்னல் கிடையாது. எரிக்கிறது இறப்பர் விறகு. இங்கே பெய்கிற மழைக்கு அது எப்போதும் ஈரம்தான். பற்றவைக்க ஒட்டுப்பால் துண்டு போடுவோம். மரத்தில் வடிந்து காய்ந்த பால் அது. ஈர விறகையும் பிடிக்க வைக்கும். கரும்புகை கிளம்பும்.

பிள்ளை குசினியைப் பார்க்க வந்து இருமியது. ஒட்டுப்பாலை நிறுத்துங்க, அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகைக் காயவைங்க என்றது. சரி என்றேன். கூரையில் ஒரு புகைக்குழாய் வேணும் என்று கேட்டேன்.

"அது எங்க வேலையில வராதுங்க. தோட்டத்து ஆபீசுல பேசிப் பாக்குறேன்."

பிள்ளை பேசியிருக்கும். நானும் போய்க் கேட்டேன். லயத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம், தகரத்தில் கை வைக்கக் கூடாது என்று ஆபீஸ் கிளாக்கர் ஐயா சொல்லிவிட்டார்.

பிள்ளை சொன்னதையெல்லாம் செய்தேன். பரண் கட்டினேன். ஒட்டுப்பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ச் சிரட்டை போட்டுப் பற்றவைத்தேன். சட்டியை மூடினேன். சமையலையும் நானே எடுத்துக்கொண்டேன். புகை குறைந்தது. போகவில்லை. குசினிக்கும் மனைவி படுக்கிற காம்பிரா அறைக்கும் நடுவே பாதிச் சுவர்தான். இழுப்பு கூடியது. மகள் எம்பிலிப்பிட்டியவில் வாடகை வீட்டில் இருக்கிறாள். அங்கே கேஸ் அடுப்பு. மனைவியை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

கொஞ்சக் காலம் கழித்துப் பிள்ளை திரும்ப வந்தது. கூடவே கேமராவோடு ஒருவர். பரணில் விறகு நிறைய மிச்சம் கிடந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. எப்படி இவ்வளவு குறைத்தீர்கள் என்று கேட்டது.

"ஒரு ஆளுக்குத்தானே சமைக்கிறேன். அவ மக வீட்டுக்குப் போயிட்டா. இந்தப் புகையில இருக்க முடியல."

கூட வந்தவர் அடுப்பைப் படம் எடுத்தார். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். நின்றேன்.

சாயங்காலம் மனைவி போன் பண்ணினாள். படம் எடுத்ததைச் சொன்னேன்.

"சட்டை போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன்."

"கூரையில குழா வச்சாங்களா?"

"இல்ல."

போனில் அவள் மூச்சு கேட்டது. இழுப்பில்லாமல் இருந்தது.

"அப்ப நான் இங்கயே இருக்கேன்" என்றாள்.

சரி என்றேன்.