காலி என்று எழுதிய வீடு

வீட்டில் ஆள் குடியிருக்கிறதா இல்லையா என்று பார்த்து எழுதுவதுதான் அப்போது என் வேலை. ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்தபின், சித்தூர் ஆபீசுகளுக்குக் கடற்கரை ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக உத்தியோகஸ்தர்கள் வந்து இறங்கினார்கள். தங்க வீடு கிடைக்கவில்லை. வாடகை வீடு காலியானால் சொந்தக்காரர் எங்கள் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும்; ஆபீஸ் அதை அரசாங்க ஆள் ஒருவருக்கு ஒதுக்கிவிடும். அதற்குப் பயந்தே யாரும் சொல்வதில்லை. அதனால் போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன். பியூனாகச் சேர்ந்தேன். வம்புக்குப் போகாதவன் என்று என்னை இந்த வேலைக்கு அனுப்பினார்கள். உண்மையில் எனக்கு யாரிடமும் பேச வராது. பெண்கள் இருக்கிற வீடென்றால் படியேறவே கூச்சம். அதனால் கேட்காமலே கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டேன். வாசலில் கோலம், கிணற்றுக் கயிற்றில் ஈரம், சாக்கடையில் கஞ்சித் தண்ணீர், சமையலறை ஜன்னல் வழியே தெரிகிற அடுப்பு. இவை பொய் சொல்லாது என்று நம்பினேன்.

மனிதர்கள் சொல்வார்கள். திருப்பதியில் அலிபிரிக்குப் போகிற வழியில் ஒருவர், காலி வீட்டில் தன் மாமியாரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார். நான் வாயே திறக்கவில்லை. அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வந்துட்டியா நைனா? மருமவன் ஆள் அனுப்பறேன்னாரு. காத்தாலேர்ந்து குந்திகினு கீறேன், இடுப்பு பூட்ச்சி. வா, போலாம்." அன்று சிரித்துக்கொண்டே 'காலி' என்று எழுதினேன்.

சித்தூரில் நடந்தது வேறு. ஒரு வீடு பூட்டியே கிடக்கிறது என்று மொட்டைக் கடுதாசி வந்தது. போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெல்ல மண்டி. வாசலில் பூட்டு, பல நாளாகக் கோலம் போட்ட அடையாளம் இல்லை. சாக்கடை காய்ந்து கிடந்தது. பக்கத்துச் சந்தில் போய்ச் சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அடுப்பில் சாம்பல் இறுகிப்போயிருந்தது. மண்டியில் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். அங்கே கும்பலாக ஆட்கள் இருந்தார்கள், கூச்சப்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன். 'காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாலாம் நாள் ஒதுக்கீட்டு நோட்டீசைக் கதவில் ஒட்ட என்னையே அனுப்பினார்கள். பசை தடவி, காகிதத்தை வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். கதவு இடுக்கில் விளக்கெண்ணெய்த் திரி எரிகிற வாசனை வந்தது.

"யாரது?" என்றது உள்ளிருந்து ஒரு பெண் குரல்.

என் கை கதவிலேயே நின்றுவிட்டது. "ஆபீஸ்லேர்ந்து வரேம்மா."

"எங்க அண்ணன் சோறு எடுத்துகினு பின்பக்கமா வருவாரு. அப்போ வாங்க." பிறகு, "அன்னிக்கு ஜன்னல்ல மூஞ்சிய வெச்சிப் பாத்தது நீங்கதானா?" என்றாள்.

"ஆமாம்மா."

"ஜன்னலுக்குக் கீழதான்யா குந்திகினு இருந்தேன். திருடனோன்னு மூச்சு வுடல. இன்னாத்துக்குப் பாத்த?"

"அடுப்பு எரியுதான்னு..."

"சாவு வூட்ல எந்த அடுப்புய்யா எரியும்?"

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே எல்லாவற்றையும் கேட்டேன். புருஷன் அச்சாபீசில் வேலை செய்தவர். திருப்பதி ஆஸ்பத்திரியில் செத்துப்போய், அங்கேயே தகனம் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். பதினாறு முடிகிறவரை கோலமும் அடுப்பும் கிடையாது. தனியாக இருக்கிற பெண் என்று அண்ணன் வாசலைப் பூட்டி வைத்திருக்கிறார். நோட்டீசில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"அண்ணன் வூட்ல ஒரே அறை. ஏழு பேர் கீறாங்க. நான் எங்கய்யா போவேன்?"

மத்தியானம் அதிகாரியின் அறை வாசலில் நின்றேன். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் சென்னைக்கு என்ற எல்லைப் பட்டியலோடு நாலு பேர் அவர் மேஜையைச் சுற்றி நின்றிருந்தார்கள். "சார்" என்றேன். "ரேப்பு, ரேப்பு" என்று தலை நிமிராமல் கையை ஆட்டினார். நாளை வரச் சொல்கிறார். நாளைக் காலையில்தான் அந்த வீட்டைத் திறந்து ஒப்படைப்பதாக நோட்டீசில் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

காலையில் அதிகாரி வந்தார். பின்னால் ஜட்காவில் வீடு ஒதுக்கப்பட்ட குமாஸ்தாவும் அவர் மனைவியும். பாய்ச்சுருட்டு, பித்தளைக் குடம், அம்மிக்கல். ஒரு மாதமாகச் சத்திரத்தில் கிடந்தவர்கள். அந்த அம்மாளின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதிகாரி என் கையில் சுத்தியலைக் கொடுத்து, பூட்டை உடை என்றார்.

நான் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். "லோபல மனிஷி உந்தி சார்" என்றேன். உள்ளே ஆள் இருக்கிறது.

"காளீ அனி நுவ்வே கதா ராசாவு?" என்றார். காலி என்று நீதானே எழுதினாய்?

தமிழும் தெலுங்குமாக உளறிக் கொட்டினேன். சாவு வீடு, அடுப்பு, கோலம். ஜட்காவிலிருந்து இறங்கிய அந்த அம்மாள் "மைல இல்லா?" என்றாள். தீட்டு வீடா என்கிறாள். காலைப் பின்னால் எடுத்தாள். தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் குமாஸ்தா, பதினாறு ஆனதும் புண்ணியாகவாசனம் செய்து தீட்டுக் கழித்துவிட்டு வருகிறோமே என்றார். அதிகாரிக்கும் அது நியாயமாகப் பட்டது. காகிதத்தில் வீடு காலி என்றுதானே இருக்கிறது?

"அந்தக் காகிதம் தப்பு சார்" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி நானே கேட்டதில்லை. மண்டி ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்படியானால் எழுதிக் கொடு. பார்க்காமல் பொய் எழுதினேன் என்று."

ஜட்காப் பலகையில் காகிதத்தை வைத்துத் தமிழில் எழுதினேன். உள்ளே போகவில்லை, யாரையும் கேட்கவில்லை, வீட்டில் ஆள் குடியிருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத அதிகாரி, மண்டிக்காரர் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அதன் கீழேயே ஒதுக்கீடு ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இனி இந்த வேலைக்கு நீ வேண்டாம், பெஞ்சில் போய் உட்கார் என்றார். ஜட்கா சத்திரத்துக்கே திரும்பியது. அந்த அம்மாள் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி போனாள்.

நோட்டீஸ் காய்ந்து கதவோடு பிடித்திருந்தது. மண்டியில் தண்ணீர் கேட்டு வாங்கி, நனைத்து நகத்தால் சுரண்டினேன்.

"போய்ட்டாங்களா?" என்றது குரல்.

"போய்ட்டாங்கம்மா. இனிமே வர மாட்டாங்க."

"ஒன் வேல பூட்ச்சா?"

"பியூன் வேல கீதும்மா."

"அன்னிக்கே ஜன்னல்ல ஒரு கொரல் குடுத்திருந்தா..." என்று இழுத்தாள்.

"குடுத்திருக்கணும்மா" என்றேன்.