இடத்தை லாரியும் வலத்தை லாரியும்

என் வீட்டுக்காரருக்கு மாடு பார்க்கத் தெரியும். இதை அவரே சொல்லுவார். அவர் சொல்ல மறந்த நாளில் ஊர் சொல்லும். ராஜபாளையத்தில் ஜின்னிங் பாக்டரியிலிருந்து ரயிலடிக்குப் பஞ்சு பேல் ஏற்றிப் போகிற வண்டிக்காரர்களில் அவருடைய காளைகளுக்குத் தனி மரியாதை இருந்தது. சந்தையில் ஒரு காளையைச் சுற்றி வந்தாரென்றால் அதன் பாட்டன் குணம் வரைக்கும் சொல்லிவிடுவார். மனிதர்களைப் பார்க்கத்தான் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் என்னை வந்து பார்த்துவிட்டு, "சாதுவான பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

வீட்டுக்காரர் என்று சொல்கிறேனே தவிர எங்களுக்கு வீடு கிடையாது. இருந்தது அவருடைய அண்ணன் வீட்டில். அங்கே ஒரே அடுப்பு. அண்ணன் மனைவிதான் அந்த அடுப்புக்கு ராணி, என் மூத்த ஓரகத்தி. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். சாயங்காலம் தொண்டை வறண்டு வந்து ஒரு வாய் காபி போடுவதென்றாலும் அவளிடம் விறகு கேட்க வேண்டும். அவள் இல்லை என்று சொல்ல மாட்டாள். "எடுத்துக்கோ" என்றும் சொல்ல மாட்டாள். கேட்டது காதில் விழாதவள் மாதிரி வேப்பங்குச்சியால் பல் குத்திக்கொண்டிருப்பாள். அந்தப் பல்லை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் எனக்கு ஒரே ஆசை, சொந்தமாக ஓர் அடுப்பு. அதற்கு மேலே ஒரு கூரை. அய்யனார் கோவிலுக்குப் போகிற பாதையில் என் அப்பா எனக்கு எழுதிக் கொடுத்த மனை ஒன்று கருவேலம் முளைத்துக் கிடந்தது. சுவர் வைப்பதற்காகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சீட்டுக் கட்டி வந்தேன். சீட்டு விழுந்த மாதம் கொத்தனாரைக் கூப்பிட்டு மனையைக் காட்டினேன். அவர் கயிறு பிடித்து அளந்துவிட்டும் போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் யுத்தம் முடிந்து தொலைந்தது. பட்டாளத்துக்கு மிஞ்சிய சாமானையெல்லாம் சர்க்கார் ஏலம் விட ஆரம்பித்தது. 'டிஸ்போசல்' என்ற வார்த்தை ஊரெல்லாம் அம்மை மாதிரிப் பரவியது. டிஸ்போசல் கம்பளி, டிஸ்போசல் பூட்ஸ், டிஸ்போசல் தண்ணீர்ப் புட்டி. எங்கள் சபையில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு டிஸ்போசல் ஓவர்கோட் போட்டு வந்து, சித்திரை வெயிலில் பிரசங்கம் முடியும்வரை வெந்தார். பாவமன்னிப்பு ஜெபத்தில் அவர் முகத்தில் வழிந்ததைக் கண்ணீர் என்று நினைத்துப் போதகர் உருகிப்போனார்.

என் வீட்டுக்காரருக்குக் கோட்டில் ஆசை இல்லை. அவர் ஆசைப்பட்டது லாரிக்கு. "இனிமே மாட்டு வண்டிக்குக் காலமில்ல. லாரி வச்சிருக்கிறவன்தான் மனுசன்" என்று ஆரம்பித்தார். காளைகளையும் வண்டிகளையும் விற்றுவிட்டார். அந்தப் பணத்துக்கு ஒரு லாரி வரும் என்று கணக்கு. வரட்டும், என் சீட்டுப் பணத்தில் கை வைக்காதவரைக்கும் எனக்கென்ன என்று இருந்தேன். இருந்தாலும் ஆளை நம்ப முடியாதே. ஸ்ரீவில்லிபுத்தூரில் லாரி நிற்கிறது என்று சொல்லி அவர் கிளம்பியபோது நானும் கிளம்பினேன்.

"ஏட்டி, லாரி பாக்கப் போற எடத்துல பொம்பளைக்கு என்ன சோலி?"

"நீங்க மாடு பாக்கப் போனா வரமாட்டேன். இது மாடில்லல்லா" என்றேன்.

அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பது பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓடின பஸ்ஸில் ஏறின பிறகுதான் எனக்குத் தெரிந்தது. லாரி பார்ப்பதற்குத் துணையாக அவர் அழைத்து வந்திருந்தது மெக்கானிக்கை அல்ல, மாட்டுத் தரகரை. தெலுங்கு பேசுகிற பெரியவர். தோளில் சிவப்புத் துண்டு. மாட்டுச் சந்தையில் அந்தத் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார். அன்றைக்கும் துண்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

செண்பகத்தோப்புக்குப் போகிற பாதையில் ஒரு பொட்டலில் லாரிகளை நிறுத்தி வைத்திருந்தான் மதுரைக் காண்டிராக்டர் ஒருவன். மொத்தமாக ஏலத்தில் எடுத்து ஒவ்வொன்றாக விற்கிறவன். காக்கி அரைக்கால் சட்டையும் தலையில் டிஸ்போசல் தொப்பியுமாக, தானே யுத்தத்தை ஜெயித்து முடித்தவன் போல நின்றான். ஓட்டிப் பார்க்கக் கூடாது, நின்ற இடத்தில் நின்றபடி விலை, அதுதான் நிபந்தனை. தரகர் துண்டை விரித்து அவன் கையைப் பிடிக்கப் போனார். அவன் பதறிக் கையை உதறினான். "என்னய்யா, கையப் புடிக்கிற?" தரகருக்கு முகம் செத்துவிட்டது. வாயால் விலை பேசுகிறவனிடம் வியாபாரம் செய்கிற காலம் வந்துவிட்டதே என்று தெலுங்கில் முணுமுணுத்தார்.

பிறகு லாரி பார்க்க ஆரம்பித்தார்கள். நான் ஓரமாகப் பூவரச மரத்தடியில் நின்று பார்த்தேன். சிரிப்பை அடக்குவதற்கு உதட்டைக் கடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு லாரியின் விலாவிலும் தட்டினார். குனிந்து டயரைக் குளம்பு பார்ப்பது போலப் பார்த்தார். பானெட்டைத் தூக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பல் பார்த்ததாக அர்த்தம். தரகர் சுழி பார்த்தார். லாரிக்கு ஏது சுழி? அடிபட்டுக் குழிந்த இடமெல்லாம் சுழி.

நல்ல லாரி ஒன்று இருந்தது. சொன்னவுடன் ஸ்டார்ட் ஆனது, சத்தமும் சீராக இருந்தது. எனக்கே அது தெரிந்தது. ஆனால் அதன் முகப்பில் மூன்று இடத்தில் குழி விழுந்திருந்தது. "முக்கண் சுழி. வீட்டுக்கு ஆகாது" என்றார் தரகர். அத்தோடு அதன் கதை முடிந்தது. அந்த முக்கண்ணனை மறுவாரம் வாங்கினவர் பிற்பாடு செட்டியார்பட்டியில் மாடி வீடு கட்டினார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் பஸ்ஸில் மறுபக்கம் பார்த்து உட்கார்ந்து கொள்வேன்.

இவர்களுக்குப் பிடித்தது வேறொன்று. அமெரிக்கப் பட்டாளத்து லாரி. பானெட்டில் பெரிதாக வெள்ளை நட்சத்திரம். தரகர் கைதட்டினார். "நெத்திச் சுட்டி! மஞ்சிதி, மஞ்சிதி!" என் வீட்டுக்காரருக்கோ அது பெத்லகேம் நட்சத்திரமாகத் தெரிந்தது. இரண்டு மதமும் ஒரு லாரியில் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். ஒத்துப்போனது எஞ்சினைப் பற்றியல்ல, பெயிண்டைப் பற்றி. ஏதோ அதுவும் இருமிக்கொண்டே ஸ்டார்ட் ஆனது. காளை விற்ற பணம் கைமாறியது. சரி, தொலைந்தது என்று நான் புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு கிளம்பினேன்.

அப்போதுதான் தரகர் லாரிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டீரிங் எடது பக்கம்லா இருக்கு" என்றார்.

அமெரிக்க லாரி அப்படித்தான். நம் ஊரில் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவது, அவர்கள் ஊரில் இடது பக்கம். ஆனால் மாட்டுக்காரர்களுக்கு அது வேறு கணக்கு. வண்டியில் இடது பக்கம் பூட்டிப் பழகின காளை இடத்தை, வலது பக்கம் பழகினது வலத்தை. ஒன்றை மாற்றிப் பூட்டினால் முரண்டு பிடிக்கும். தவிரவும் மாட்டுக்காரன் ஒற்றைக் காளை வாங்க மாட்டான். அது மூளிக் காரியம், துணையில்லாத மாடு தீவனம் எடுக்காது என்பார்கள். என் வீட்டுக்காரர் அந்த இடத்தை லாரியைப் பார்த்தார். பொட்டலைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் ஜோடி தேடுகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மூலையில் ஒன்று நின்றது. அதே கம்பெனி, அதே உயரம், அதே நிறம். ஸ்டீரிங் மட்டும் வலது பக்கம். முறுக்கினார்கள், தள்ளினார்கள், அது மூச்சே விடவில்லை. காண்டிராக்டர் கூசாமல், "பாட்டரி எறங்கிருச்சு, அம்புட்டுத்தான்" என்றான். பாதி விலைக்குத் தருவதாகவும் சொன்னான்.

"படுத்திருக்கிற மாடு. எழுப்பினா எந்திரிக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓடாத லாரிக்கு என் வீட்டையா குடுக்கப் போறீக?"

"ஏட்டி, ஒத்த மாட்டப் பூட்டி எவனாவது வண்டி ஓட்டுவானா? ரெண்டும் ஓடினா ஒரு வருசத்துல மாடியே கட்டிரலாம்."

கத்தினேன். அழுதேன். பூவரச மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். சீட்டுப் பணம் அவர் மடியில்தான் இருந்தது. ஓரகத்தி இருக்கிற வீட்டில் வைத்துவிட்டு வர மனமில்லாமல் கையோடு எடுத்து வந்து, வழியில் திருடன் பயம் என்று நானே கொடுத்து வைத்திருந்தேன். எனக்குத் திருடனையும் அடையாளம் தெரியவில்லை.

எழுந்திருக்கும் என்று சொன்ன மாடு எழுந்திருக்கவில்லை. நான்கு ஜோடிக் காளைகளை வாடகைக்குப் பிடித்து அதை இழுத்து வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜனங்களுக்கு ஆண்டாள் தேருக்கு அப்புறம் அப்படி ஒரு காட்சி கிடைத்ததில்லை. எங்கள் தெருவில் திரும்பும்போதே ஓரகத்தி வாசலை மறித்து நின்றுகொண்டாள். "அந்தப் பொணத்த இங்க கெடத்தக் கூடாது" என்றாள். ஆக, சுவர் எழும்பியிருக்க வேண்டிய என் மனையில் கொண்டுபோய் அதை நிறுத்தினார்கள். கொத்தனார் கயிறு பிடித்து அளந்த இடத்திலேயே நின்றது.

அன்று சாயங்காலம் ஓரகத்தி பல் குத்துவதை நிறுத்தி என்னிடம் பேசினாள். "அம்புட்டுப் பணத்தையும் இரும்புல போட்டாச்சு. இனி எங்க போவ? சாகுற மட்டும் இங்கதான கெடக்கணும்."

அந்தச் சனிக்கிழமை என் வீட்டுக்காரர் நட்சத்திர லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு தென்காசிக்குப் போயிருந்தார். நான் என் டிரங்குப் பெட்டி, இரண்டு சட்டி, ஒரு காபிக் கூஜா, மண் அடுப்பு எல்லாவற்றையும் ஒரு தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு மனைக்குப் போனேன். லாரியின் பின்கதவை இறக்கி ஏறினேன். இரும்பு வளைவு போட்டு மேலே கித்தான் கூரை. இரண்டு பக்கமும் சிப்பாய்கள் உட்கார்ந்து போன பலகை பெஞ்சு. ஒரு பெஞ்சு எனக்குப் படுக்கை, ஒன்று பாத்திரத்துக்கு. தகட்டில் எவனோ ஒரு சிப்பாய் ஆணியால் கீறி வைத்த பெண் படம் ஒன்று இருந்தது. உடம்பில் துணி என்று சொல்ல எதுவும் இல்லை. அவள் மேல் சபைக் காலண்டரை மாட்டினேன். தரையில் தகரம் விரித்து, மண் பரப்பி, அடுப்பு வைத்து, கருவேலஞ்சுள்ளி பொறுக்கி வந்து, யாரையும் கேட்காமல் காபி போட்டேன். புகையில் கண் எரிந்தது. அவ்வளவு ருசியான காபியை நான் அதற்கு முன் குடித்ததே இல்லை.

அவர் திரும்பி வந்து பார்த்துவிட்டு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். ஊர் சிரிக்கும் என்றார். "ஊரு ரொம்ப நாளாச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்றேன். பிறகு அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்தார். அடுத்த நாள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நட்சத்திர லாரியின் சங்கதியையும் சொல்ல வேண்டும். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற டிரைவருக்கு எதிரே வருவது தெரியாது. ஆகவே இவர் வலது பக்கம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டி, காளையை அதட்டுவது போல "ஹை, ஹை! ஏலே, நில்லு!" என்று கத்திக்கொண்டே போவார். தொண்டை கட்டி வீட்டுக்கு வருவார். லாரியும் சுட்டி இருக்கிற திமிரில் மாதம் ஒரு தடவை படுக்கும். படுத்தால் பாகம் வேண்டும். அந்தக் காலத்தில் பாகம் கிடைக்காது. அதே கம்பெனி லாரி எங்கே இருக்கிறது? நான் சமையல் செய்கிற இடத்துக்குக் கீழே.

"ஏட்டி, உள்ள இருக்கியா? கீழ செத்த வேல இருக்கு" என்று ஸ்பானரோடு நிற்பார். எனக்கு அந்தக் குரலைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கும். விறகு கேட்டு நின்ற காலமெல்லாம் ஞாபகம் வரும். கொஞ்ச நேரம் காதில் விழாதவள் மாதிரி இருந்துவிட்டுத்தான் "எடுத்துக்கிடுங்க" என்பேன். முதலில் டைனமோ போனது. பிறகு கியர் பாக்ஸ். பிறகு ஒரு சக்கரம், இன்னொரு சக்கரம். சக்கரம் எடுக்கிறபோது மட்டும் நான் விடமாட்டேன்; எடுத்த இடத்தில் கருங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். கூஜா சரிகிறது என்று காரணம் சொன்னேன். அந்தக் கொத்தனாரே வந்து வைத்துக் கொடுத்தார்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பெரிய லாரி ஒன்று சங்கிலியோடு வந்து நின்றது. விருதுநகர்க்காரர் ஒருவர் இறங்கினார். டிஸ்போசல் லாரிக்குக் கிராக்கி ஏறிவிட்டதாம். என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமல் நான் குடியிருக்கிற லாரிக்கு விலை பேசி முன்பணமும் வாங்கிவிட்டாராம். இவர் பின்னால் நின்று வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். கஞ்சித் தட்டோடு பின்கதவுக்கு வந்தேன். கொதிக்கிற கஞ்சியை யார் தலையில் ஊற்றுவது என்றுகூட நினைத்தேன். மறுபடியும் அந்தப் பல் குத்துகிறவளிடம் விறகுக்குப் போய் நிற்பதா?

விருதுநகர்க்காரர் சங்கிலியை எடுத்துக்கொண்டு குனிந்து லாரிக்கு அடியில் பார்த்தார். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். ஒரு சக்கரமும் இல்லை. நாலு மூலையிலும் கருங்கல், சுண்ணாம்புப் பூச்சு. கல்லைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "இத யாருய்யா இப்படிச் செஞ்சது?"

சக்கரத்தையெல்லாம் கழற்றியது இவர்தானே.

நான் கஞ்சித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வந்தவரை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தபடி குடித்தார். "வீடு நல்லா காத்தோட்டமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, முன்பணத்தை வாங்கிக்கொண்டு சங்கிலியோடு திரும்பிப் போனார்.

என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் வெளியிலேயே நின்றார். அதுவரைக்கும் செருப்புக் காலோடுதான் உள்ளே ஏறுவார், "லாரிதானட்டி" என்பார். அன்றைக்குச் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறி வந்து சாப்பிட உட்கார்ந்தார்.