உப்புப் பார்க்கும் வேலை

என் மனைவிக்கு வலப்பக்கம் செயலிழந்தபோது நாங்கள் ஜவ்வாது மலையில் இருந்தோம். எழுபதுகளின் பிற்பகுதி. சிறுதானிய ஆராய்ச்சிக்காக அரசு அங்கே நடத்திவந்த ஒரு சிறு பண்ணைக்கு நான் பொறுப்பாளன். எந்தச் சரிவில் எந்த ரகச் சாமை நன்றாக விளையும் என்று பார்த்துக் குறிப்பதே என் தொழில். வேலூரில் சிகிச்சை முடிந்து அவளை மலைக்கு அழைத்துவந்தபோது பேச்சு தெளிவாக இருந்தது. நினைவும் தெளிவாக இருந்தது. வலக்கையும் வலக்காலும் மட்டும் திரும்பி வரவில்லை.

அவளுடைய தமையனார் திருப்பத்தூரில் மண்டி வைத்திருந்தார். தங்கையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அன்பினால் சொன்னதுதான். அங்கே பார்த்துக்கொள்ள ஆட்கள் உண்டு, மருத்துவரும் பக்கத்தில். ஆனால் அவள் மறுத்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, "அங்க நான் விருந்தாளிங்க. படுத்துக் கெடக்கிற விருந்தாளி," என்றாள். மைத்துனர் ஒரு நிபந்தனையோடு இசைந்தார். வீட்டோடு தங்கி அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் நிலையாக அமைய வேண்டும். அமையாவிட்டால் அவரே கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

இருவர் வந்து போய்விட்டார்கள். முதலாமவள் ஆலங்காயத்துப் பக்கம். கூடமாட ஒத்தாசையாக இருந்தால் போதும் என்று சொல்லி அழைத்து வந்திருந்தோம். அந்தச் சொல்லுக்கு எல்லை கிடையாது. சமையல், துணி, மாட்டுக்குத் தண்ணீர், பண்ணையைப் பார்வையிட வரும் அலுவலர்களுக்குக் காப்பி என்று அது வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. பொங்கலுக்குப் போனவள் திரும்பவில்லை. இரண்டாமவள் மலையிலேயே பிறந்தவள். சாமை அறுப்புக்கு ஊருக்குப் போகவேண்டும் என்று அவள் கேட்டபோது, வந்து சில மாதங்கள்கூட ஆகவில்லையே என்று நான் சொன்னேன். மறுநாள் காலையில் அவளுடைய பாய் சுருட்டிச் சுவரோரம் நின்றது. மூன்றாவது ஆளும் நிற்கவில்லை என்றால் இனிப் பேச்சே இல்லை என்று மைத்துனர் சொல்லியனுப்பினார்.

பண்ணையில் எந்தப் பாத்தியில் யார் என்ன செய்யவேண்டும் என்று நான் எழுதி ஒட்டுவது வழக்கம். வீட்டுக்கும் அப்படி ஒன்று எழுதலாமே என்று என் மனைவிதான் சொன்னாள். ஒரு மாலையில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். நோயாளியைக் காலையும் மாலையும் துடைத்தல். படுத்த பக்கம் மாற்றிப் புரட்டுதல். புண் வராமல் முதுகில் பவுடர் பூசுதல். எந்த வரியிலும் இரட்டைப் பொருள் இல்லை. அவள் இடக்கையில் தாளை வாங்கிப் படித்தாள்.

"வெதைக்கு மருந்து பூசி வெதநேர்த்தி பண்றதுக்கு எழுதினாப்பல இருக்குதுங்க."

தெளிவாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன் என்றேன்.

"தெளிவாத்தான் இருக்குது. தொடைக்கணும், பொரட்டணும், பூசணும். எல்லா வரியிலயும் நான் கெடக்கறேன். இந்த வூட்ல எனக்கு இன்னா வேலைன்னு ஒரு வரி இருக்குதா?"

கல்லூரிப் படிப்பு அவள் பேச்சிலிருந்து 'இன்னா'வை அகற்றியிருந்தது. மனம் உறுத்தும்போது மட்டும் அது திரும்பி வரும். நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அடுத்த சில மாலைகள் இருவரும் சேர்ந்து எழுதினோம். பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரிக்கச் சொன்னாள்: வரும் பெண்ணுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. ஒருவருடைய வேலை எங்கே முடிகிறது என்று சொல்ல வேண்டுமானால், அங்கிருந்து அது யாருடைய வேலை என்றும் சொல்லியாக வேண்டும். இதை அவளிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும் நண்பர்களுக்கு இன்றும் இதையே சொல்லிவருகிறேன். இரவில் படுக்கைப் பாத்திரம் எடுத்துக் கழுவுவது என் பத்திக்கு வந்தது. அலுவலர்களுக்கான காப்பி பண்ணைக் காவலரிடம் போயிற்று. மாடு எந்தப் பத்தியிலும் அடங்கவில்லை, ஆகவே விற்றுவிட்டோம். பெண்ணுக்கு எந்த அறை, எப்போது ஓய்வு, எப்போது விடுப்பு என்பவையும் எழுதப்பட்டன. தன் பத்தியில் அவள் எழுதச் சொன்னவை சிலவே: அன்றைய சமையல் என்ன என்று முடிவு செய்வது, அலமாரிச் சாவி, வந்த பெண்ணின் விடுப்புக் கணக்கு, உப்புப் பார்ப்பது.

கடைசியாகச் சொன்னதை விளக்க வேண்டும். அவள் பிறந்த வீட்டில், குழம்பு அடுப்பிலிருந்து இறங்குமுன் வீட்டுக்காரி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்ப்பாள். அவள் சரி என்ற பிறகுதான் இறக்குவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படியே நடந்துவந்தது.

மூன்றாவதாக வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். நெல்லிவாசல்நாட்டில் ஒரு சிற்றூர். கணவர் இறந்து தமையன் வீட்டில் இருந்தாள். பண்ணைக் காவலர் சொல்லி, தமையனே அவளை அழைத்து வந்திருந்தார். என் மனைவி கட்டிலில் சாய்ந்தபடி தாள் முழுவதையும் படித்துக் காட்டினாள். அந்தப் பெண் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தாள். எனக்குரிய பத்தி வந்தபோது தமையனைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். முடிந்ததும் ஒன்று கேட்டாள். ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரார் எவரும் இரவில் வெளியே தங்கக்கூடாது; தங்கினால் ஊர்க்கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த நாட்களும் சாமை அறுப்பும் தனக்கு வேண்டும் என்றாள். அவர்கள் முன்னிலையிலேயே அதையும் எழுதினேன். அந்த நாட்களில் நான் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டு அந்தப் பெண்ணின் பத்தி முழுவதையும் செய்யவேண்டும் என்று என் மனைவி சேர்க்கச் சொன்னாள்.

எல்லாம் நல்லபடியாகவே போயிற்று. அலுவலகப் பழக்கத்தில் நான் தாளின் அடியில் அந்தப் பெண்ணின் கைநாட்டுக்கு இடம் விட்டு, மைப்பெட்டியையும் எடுத்து வைத்திருந்தேன். அதைக் கண்டதும் தமையன் எழுந்துவிட்டார்.

"கைநாட்டு வெச்சதெல்லாம் போயிடுச்சுங்க ஐயா. எங்கப்பன் வெச்சாரு, புளியமரம் போச்சு. சித்தப்பன் வெச்சாரு, கொல்லை போச்சு. இவ வெச்சா இவளே போயிடுவா."

அந்தப் பெண்ணும் மூட்டையை எடுத்துக்கொண்டாள். மலையில் கீழ்நாட்டு வியாபாரிகள் தாளோடும் மையோடும் வந்துபோன கதைகள் எனக்கும் தெரியும். இது அப்படிப்பட்ட தாள் அல்ல என்று விளக்கத் தொடங்கினேன். என் மனைவி இடைமறித்தாள்.

"அவங்க ஏங்க வெக்கணும்? இதுல சொல்லியிருக்கிறது நம்ம வார்த்தை. நாமதான் வெக்கணும்."

மைப்பெட்டியைத் தன்னிடம் கொண்டுவரச் சொன்னாள். அவளால் கையெழுத்திட முடியாது. வலக்கையை நான் தூக்கி, கட்டைவிரலை மையில் ஒற்றி, தாளில் பதித்தேன். விரல் கனமாக இருந்தது. அதன் கீழே நான் கையெழுத்திட்டேன். தமையன் ரேகையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படித்த அம்மா கைநாட்டு வைத்ததை ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள் என்றார். அசல் தாளை மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். கார்பன் நகல் எங்களிடம் தங்கியது. அந்தப் பெண் மூட்டையைக் கீழே வைத்தாள்.

உப்புப் பார்ப்பதில் முதல் நாளே சிக்கல் வந்தது. இடது உள்ளங்கையில் குழம்பை ஊற்ற அந்தப் பெண்ணுக்கு மனம் வரவில்லை. சரி, வலக்கையிலேயே ஊற்று என்றாள் என் மனைவி. ஊற்றினாள். இடக்கையால் வலக்கையைத் தாங்கி வாயருகே கொண்டுபோனபோதுதான் குழம்பு கொதிக்கக் கொதிக்க இருந்தது தெரிந்தது. உணர்ச்சியற்ற உள்ளங்கை சிவந்துவிட்டது. அன்று மாலை பெண்ணின் பத்தியில், கரண்டியில் ஊதி ஆறவைத்து ஊற்றுவது என்று ஒரு வரி கூடியது. அதன்பின் நாள் தவறியதில்லை.

அந்தப் பெண் உப்பைத் தாராளமாகப் போடுவாள். கடலில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, எல்லாம் இங்கேயே வந்துவிட்டதா என்று என் மனைவி கேட்பாள். "ஆஸ்பத்திரில படுத்த நாக்கும்மா அது, தண்ணியக் குடுத்தாலும் கரிக்கும்," என்பாள் அவள். அலுவலகம் கிளம்பும்போது இந்த வழக்கைக் கேட்டுவிட்டுப் போவது எனக்கு வழக்கமாயிற்று.

அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் அவள் ஊருக்குப் போனாள். நான் விடுப்புப் போட்டு அவள் பத்தியை மேற்கொண்டேன். காப்பு அவிழ்த்த மறுநாள் வருவதாகப் பேச்சு. அந்த நாளில் மழை, அவள் ஊர்ப்பக்கம் ஆளேற்றும் ஜீப் ஓடவில்லை. அன்று காலை மைத்துனர் வாடகைக் காரோடு வந்து நின்றார். அந்தப் பெண் வீட்டில் இல்லை என்று யாரோ கீழே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அடுப்படியில் நான் நிற்பதைப் பார்த்தார்.

"இவளும் ஓடிட்டாளா மாப்ளே?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஓடலண்ணே. லீவுல போயிருக்கா. எழுதியிருக்குது, பாருங்க."

அவர் நகலை வாங்கி நின்றபடியே படித்தார். வியாபாரி, முதலில் அடியைத்தான் பார்த்தார்.

"இதுல அவ கைநாட்டே இல்லியேம்மா. இது எப்படிச் செல்லும்?"

"அவளக் கட்டுப்படுத்த எழுதலண்ணே. நாங்க செய்வோம்னு எழுதினது. அவரு செஞ்சிட்டிருக்காரு. அவ வரலன்னா, மத்தியானத்துக்கு மேல நான் உங்க கார்ல ஏறிக்கிறேன்."

இதை அவள் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. மைத்துனர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஓட்டுநரை வண்டியைத் திருப்பி நிறுத்திவைக்கச் சொன்னார். நான் சோறு வடித்தேன். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. என் மனைவி தன் பெட்டியில் எந்தப் புடவைகளை வைக்கவேண்டும் என்று சொன்னாள். நான் எடுத்து வைத்தேன்.

உச்சிப்பொழுதில் அவள் வந்தாள். நடந்தே வந்திருக்கிறாள். பின்கட்டில் சேறு கழுவி, புடவை மாற்றி, அடுப்படிக்குப் போனாள். கூடத்தில் விருந்தாளி இருப்பதையோ பெட்டி திறந்திருப்பதையோ அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. சிறிது நேரத்தில் கரண்டியோடு வந்து, ஊதி, என் மனைவியின் வலக்கையில் ஊற்றினாள். மைத்துனர் பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கை வலக்கையைத் தூக்கிச் சென்றது.

"உப்பு பத்தல," என்றாள் என் மனைவி.

அப்படி அவள் சொன்னது அதுவே முதல் முறை. மைத்துனர் சாப்பிட்டார். காரில் ஏறும்போது, அவள் இங்கேயே இருக்கட்டும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பெட்டியிலிருந்த புடவைகளை அன்று மாலை நான் அலமாரிக்கு மாற்றினேன்.

அதன்பின் சில ஆண்டுகள் என் மனைவி இருந்தாள். திருப்பத்தூருக்குப் போகவில்லை. அவள் விரும்பிய வீட்டில், அவள் கட்டிலில், ஒரு பிற்பகலில் உயிர் பிரிந்தது. அன்றைக்கும் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கச் சொல்லி, உப்புப் பார்த்திருந்தாள்.

காரியம் முடிந்து உறவினர்கள் இறங்கிப்போன மறுநாள், வீட்டில் நானும் அந்தப் பெண்ணும் மட்டும் இருந்தோம். தாளின்படி அவளுடைய வேலையில் பெரும்பகுதி இனி இல்லை. என்னுடையதிலும் இல்லை. சமையல் வாசனை வந்தது. அவள் கரண்டியோடு கூடத்துக்கு வந்து, கட்டில் இருந்த இடம் வரை நடந்து, நின்றாள். நான் நாற்காலியிலிருந்து வலக்கையை நீட்டினேன்.

அன்று மாலை புதிய தாள் ஒன்று எழுதினேன். அந்தப் பெண்ணின் தமையன் வந்து, அவள் தொடர்ந்து இருப்பதென்று முடிவானதும் இருவருக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு பத்திகள்தாம். மூன்றாவதிலிருந்த உப்புப் பார்ப்பது மட்டும் என் பத்திக்கு மாறியிருந்தது. கேட்டு முடித்த அவள், "ஆறவெக்கிறத எழுதலீங்களே ஐயா," என்றாள். என் கைக்குச் சூடு தெரியும் என்றேன். அவள் தலையசைத்தாள். நான் கையெழுத்திட்டேன்.

அதற்குப் பிறகும் அவள் ஊதித்தான் ஊற்றினாள்.