ஜெஸ்லின் அக்கா எழுதிய வயது

சனிக்கிழமை மதியம், ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் அம்மாவுக்குச் சோறு கொடுக்க நின்றபோதுதான் செய்தி வந்தது. குலசேகரம் பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்றபடியே சொன்னார்: "நம்ம ஜெஸ்லின் போயிட்டா. ஹாஸ்டல்ல காய்ச்சலாம். மூணே நாளு." கொட்டகையில் யாரும் அழவில்லை.

"உள்ளதா?" என்றாள் ஒருத்தி.

"காய்ச்சலுக்கு மூணு நாள்ல சாவாளா? வேற என்னமோ உண்டு," என்றாள் இன்னொருத்தி.

இறந்த பிறகும் அவளை நாம் நம்பவில்லை. அடக்கத்துக்கு நம் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து நான்கு பேர் போனார்கள். என்னை அப்பா விடவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்தில் வாசிக்க யாராவது எழுதித் தரலாம் என்று சபை உபதேசியார் லைனில் நடந்த ஜெபம் முடிந்ததும் கேட்டார். யாரும் முன்வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். யாராவது இருமினால் மேலே கணக்கு நோட்டை வைத்துக்கொள்கிறேன்.

அவளை உங்களுக்கெல்லாம் தெரியும். ரப்பர் பால்வெட்டுக்காரர் வீட்டுப் பெண். நம் லைனிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். அங்கே சமூகவியல் படித்தாள். துணைப்பாடமாக மொழியியல் எடுத்தாள். அந்தத் துணைப்பாடத்துக்கு ஒரு ஊர்ப் பேச்சைப் பதிவுசெய்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று போன வருஷம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒரு சின்ன ரெக்கார்டரோடு வந்தாள். "துணைப்பாடம்தான், ஆனா அதுல நல்ல மார்க் வந்தா எம்.ஏ.க்கு மொழியியலே கிடைக்கும். எனக்கு அதுதான் வேணும்," என்று என்னிடம் சொன்னாள். அவள் முகத்தில் அவ்வளவு ஆசையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதல் நாளே சந்தேகம் தொடங்கிவிட்டது. முழங்கையைத் தொட்டுக் காட்டி, "இதுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள். "பட்டணத்துல படிக்கவளுக்கு இது தெரியாதா?" என்று பெண்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். செல்வராஜ் மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஒரே கேள்விய மூணு வாட்டி கேட்டா அது போலீசு. நான் மூணு வாட்டியும் வேற வேற பதில்தான் சொல்லிருக்கேன், எழுதட்டும்!" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது அவள் காதுக்கும் போனது. "மாமா, எனக்கு மூணும் வேணும்," என்றாள்.

அவள் நோட்டில் பெயர்கள் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஆணா பெண்ணா, வயது, எதுவரை படித்தவர், எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார் என்பது மட்டும் இருக்கும். அதற்குக் கீழே நாம் பேசியதை நமக்குப் புரியாத எழுத்தில் எழுதியிருப்பாள். "பேர எழுதாம வயச எழுதுகா. எஸ்டேட்ல ஆளக் குறைக்கதுக்குத்தான்," என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு வந்தது. அவளிடம் நானே போய்க் கேட்டேன். "பேரு எழுதினா அவங்களுக்குத்தான் தொந்தரவு. வயசு இருந்தாத்தான் அது எந்தக் காலத்துப் பேச்சுன்னு தெரியும்," என்றாள். எனக்கும் முழுதாக நம்பிக்கை வரவில்லை.

நம் எஸ்டேட்டில் பல பெண்களுக்கு ஆபீஸ் வயசு ஒன்று, வீட்டு வயசு ஒன்று. எங்களோடு இருக்கும் ஞானபாய் பெரியம்மா, பெரியப்பா இறந்தபின் வேலைக்குச் சேர்ந்தவர். அப்போது நான்கு வயசைக் குறைத்துச் சொன்னார். ஜெஸ்லின் அக்காவிடம் வீட்டு வயசைத்தான் சொன்னார். ஒரு மாதம் கழித்து ஆபீசில் அவரைக் கூப்பிட்டு, வயது கடந்துவிட்டது, இனி வெட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெட்டுக்கத்தியைக் கையில் பிடித்தபடி பெரியம்மா வீட்டுக்கு வந்தார். "அந்த நோட்டுக்காரி காட்டிக் குடுத்திட்டா," என்றார். அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை.

அந்த வார இறுதியில் அவள் ஊருக்கு வந்தபோது அவள் வீட்டு முற்றத்தில் எல்லாரும் கூடினோம். "வாசிட்டி, பாப்போம்," என்று செல்வராஜ் மாமா அவள் நோட்டை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் ஒரு பக்கத்தை எடுத்து வாசித்தாள்: "மழ பெஞ்சா எனக்க பாலு பிடிக்க சிரட்ட எல்லாம் நெறஞ்சு போவும் மக்களே, பாலும் போச்சு, கூலியும் போச்சு." பெரியம்மாவின் இழுப்பு, பெரியம்மாவின் மூச்சு, எல்லாமே அப்படியே இருந்தது. பின்னால் ஒரு பெண் சிரித்துவிட்டாள். உடனே எல்லாருக்கும் பயம் வந்தது. "கண்டியா, நம்ம தொண்டையவே எடுத்து வச்சிருக்கா!" என்றார் மாமா.

"எனக்க வயசு அதுல உண்டா, இல்லியா?" என்று பெரியம்மா கேட்டார்.

"உண்டு பெரியம்மா," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நோட்டை மூடினாள்.

மாமா நோட்டைப் பிடுங்கிக் கிழித்து அடுப்பில் போட்டதை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். அதன்பின் அவளிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தத் துணைப்பாடத் தாளை அவளால் உரிய நேரத்தில் கொடுக்க முடியவில்லை. மொழியியல் எம்.ஏ. கிடைக்கவில்லை. இந்த வருஷம் அந்தத் தாளை மறுபடி எழுத ஹாஸ்டலிலேயே தங்கியிருந்தாள். அதனால்தான் இறந்தாள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே அவள் தங்கியது அதனால்தான்.

இதுவரை நம் லைனில் யாருக்கும் சொல்லாததை இனி எழுதுகிறேன். அந்த ஜனவரியில், எஸ்டேட் பிள்ளைகளுக்கான படிப்பு உதவிக்கு நான் மனுப்போட்டேன். ஜெஸ்லின் அக்காதான் நிரப்பித் தந்தாள். அதோடு ரேஷன் கார்டு நகலைச் சேர்த்து ஆபீசில் கொடுத்தது நான். கார்டில் பெரியம்மாவின் வீட்டு வயசு இருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. கிளார்க் அதையும் ஆபீஸ் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்; பெரியம்மாவை நிறுத்திய மறுநாள் மனுவைப் பற்றிக் கேட்கப் போனபோது அவரே சொன்னார். முற்றத்தில் நின்றபோது எனக்கு அது தெரியும். மனுவை நிரப்பித் தந்த அவளுக்கும் தெரியும்.

நோட்டு எரிந்து ஒரு மாதம் கழித்து குலசேகரம் பஸ் ஸ்டாண்டில் அவளைத் தனியாகப் பார்த்தேன். "ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா உங்க அப்பா படிப்ப நிறுத்தி உன்ன நாளைக்கே வெட்டுக்கு அனுப்புவாரு. எனக்கு ஒரு பேப்பர்தானே போவும்."

அதையும் நான் நம்பவில்லை. என்னை மடக்கி வைத்திருக்கிறாள், ஒருநாள் பதிலுக்கு ஏதாவது கேட்பாள் என்று பயந்தேன். அவள் வீட்டு வழியாகப் போவதை நிறுத்தினேன். அவள் சிரித்தால்கூட, எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசித்தேன். பத்து மாதங்கள் காத்திருந்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை.

இந்தத் தாளை உபதேசியாரிடம் கொடுத்தால் கூட்டத்துக்கு முன்பே அப்பா கைக்குப் போய்விடும். அதனால் கொடுக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து வாசிப்பேன். பெரியம்மா, நீங்கள் அங்கே இருப்பீர்கள். உங்கள் வேலையைப் பறித்தது நான். அக்கா அன்றைக்கு முற்றத்தில் சொல்லாமல் விட்டது இந்த ஒன்றைத்தான். அவள் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பதும் இதுதான்.