குளிராத கரைசல்

நான் பொய்யன். கச்சிராயபாளையம் பக்கத்தில் இயற்கை விவசாயி என்று நீங்கள் என்னைக் காட்டிப் பேசுகிறீர்களே... என் நெல்லுக்கு யூரியா போட்டேன். ஜீவாமிர்தத்திலேயே கலந்து போட்டேன்.

உரம் விஷம் என்று டீக்கடையில் ஓயாமல் பேசியவனும் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்! உரத்தை நிறுத்திய முதல் போகத்திலேயே என் பயிர் மஞ்சளடித்தது. மண் தேற மூன்று நான்கு வருடமாவது ஆகும், உரத்தைப் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்... எல்லாம் தெரியும். தெரிந்தும் பொறுக்கவில்லை. சீக்கிரமே பத்துப் பேர் என் வயலைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் சிரித்துவிட்டால்?

ஒரு விடியற்காலையில், சாணமும் கோமியமும் வெல்லமும் புளித்த ஜீவாமிர்தக் கரைசலை டிரம்மிலிருந்து பக்கெட்டில் மொண்டு, இரண்டு கிலோ யூரியாவைக் கொட்டிக் கலக்கினேன். யூரியா கரையும்போது தண்ணீர் சில்லென்று ஆகிவிடும். உரம் கரைத்தவர்களுக்கு அது தெரியும். அந்த நேரம் பார்த்து ஏழுமலை வந்து சேர்ந்தான். பக்கத்துக் கழனிகளில் கரும்பு வெட்டும் கூலியாள். உதவுவதாக நினைத்துப் பக்கெட்டுக்குள் கையை விட்டான்.

"இன்னாண்ணா, இம்மாஞ் சில்லுனு கீது?"

"நல்லா புளிச்சா அப்பிடித்தான்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. பொய் அவ்வளவு சரளமாக வந்தது.

பத்து நாளில் என் பயிர் கரும்பச்சையானது. பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஏழுமலை என்னை நம்பி அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்தான். தானும் மனைவியும் இனிமேல் கரும்பு வெட்டப் போகவேண்டாம் என்று நினைத்தான். என்னைப்போலவே கரைசல் போட்டான், ஒரு பிடி உரம் போடவில்லை. அறுத்தபோது பாதிக்குமேல் பதர்.

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவன் தன் கரைசலைத்தான் குறை சொன்னான். அது சில்லென்று ஆகவில்லையாம்... உங்களுக்குப் புரிகிறதா? டிரம்மைப் புங்கமரத்து நிழலுக்கு நகர்த்தி, ஈரச் சாக்கைச் சுற்றிவைத்தான்.

போன வாரம் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான்.

"தெனம் நாலு வாட்டி சாக்க நனைச்சிகினுதான் கீறேன். உங்களுது மாதிரி வரலீங்க. இந்த போகமும் போச்சுன்னா நெலத்த வுட்டுட்டு மறுபடி கரும்பு வெட்டத்தாங்க போவணும். நீங்களே கை வெச்சுப் பாருங்கண்ணா."

சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். சத்தியமாக...

கையை விட்டேன். இளஞ்சூடு. நுரை, புளித்த வாசனை, எல்லாம் இருக்கவேண்டிய பக்குவத்தில் இருந்தன. என் டிரம் ஒருநாளும் அந்தப் பக்குவத்துக்கு வந்ததில்லை.

அழுகை வரவில்லை. வெட்கம்கூட வரவில்லை. என்ன ஆயிற்று எனக்கு? யாருடைய கையோ டிரம்முக்குள் கிடப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் குளிரணும்" என்றேன்.

சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு, ஏழுமலை சாக்கை நனைக்க வாய்க்காலுக்குப் போனான்.