பிரஸ் ஷாப்காரர்கள் குருவி பார்க்கப் போன கதை

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. நான் இதைச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவரைக் கேட்டால், தன் காது கணீரென்று இருக்கிறது, பெண்டாட்டியின் வாய்தான் சரியில்லை என்பார்.

"நீ வாய்க்குள்ளயே பேசற. தெளிவா சொன்னா எனக்கு ஏன் கேக்காது?"

வாய்க்குள்ளே பேசுகிறவளா நான்? ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் சோளக் கொல்லையில் கிளி ஓட்டி வளர்ந்தவள். இரண்டு விரலை நாக்குக்கடியில் மடக்கி ஒரு விசில் விட்டேன் என்றால், மூன்று கொல்லை தாண்டி இருக்கிற கிளிகள்கூட எழுந்து ஓடும். கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபிறகு அந்த வித்தைக்கு வேலையில்லாமல் போயிற்று. வாடகை வீட்டுச் சந்தில் ஓட்டுவதற்குக் கிளியா இருக்கிறது?

அவருக்கு வேலை பிரஸ் ஷாப்பில். தகடு உள்ளே போனால் டமார், வெளியே வந்தால் டமார். எட்டு மணி நேரமும் அதுதான். காதில் வைத்துக்கொள்ள ஃபேக்டரியில் ரப்பர் அடைப்பான் கொடுக்கிறார்கள். இவர் அதைக் கழுத்தில் தாயத்து மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு திரிவார். ஏன் என்று கேட்டால், "காத அடச்சிக்கிட்டா மெஷின் என்னா சொல்லுதுன்னு எப்பிடித் தெரியும்?" என்பார். மெஷின் சொல்வதெல்லாம் கேட்கும், பெண்டாட்டி சொல்வது கேட்காது. நல்ல நியாயம்.

அங்கே பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும், இல்லாவிட்டால் கையால் காட்ட வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. கையைக் கழுத்துக்குக் குறுக்கே வீசினால் மெஷினை நிறுத்து. எங்கள் வீட்டில் அதற்கு மிக்சியை நிறுத்து என்று பொருள். ஒரு நாள் சாப்பிடும்போது, "கொழம்புல உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். அவர் கணக்கில் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். மாடி வீட்டு அம்மா ஓடிவந்து, "எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்குங்கப்பா, பொம்பள மேல கை வெக்கக் கூடாது" என்று அவருக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அதுவும் பாதிதான் கேட்டது. "நல்ல அம்மா, என்னா சாப்பாடுன்னு விசாரிச்சிட்டுப் போறாங்க" என்றார்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அந்தச் சாயங்காலம் வரைக்கும். காய்கறி வாங்கப் போனவள், ஷிப்ட் விடுகிற நேரமாயிற்றே, சேர்ந்து போகலாம் என்று ஃபேக்டரி கேட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். டிபன் பையோடு அவர் ரோட்டைக் கடந்தார். ஒரு டேங்கர் லாரி ஆரன் அடித்துக்கொண்டே வருகிறது. இவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடக்கிறார். கத்தினேன், கையை ஆட்டினேன், என்னென்னவோ செய்தேன். இவரும் பதிலுக்குக் கையை ஆட்டுகிறார், மகராசன்! லாரி பிரேக் போட்டு அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி இந்தியில் அவருடைய பரம்பரையையே இழுத்தான். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம் வந்து, "தக்காளி என்னா வெல?" என்றார். நான் அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே காது டாக்டரிடம் போகலாம் என்றேன். மாட்டேன் என்றார். அழுதேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். நான் பேசாமல் இருந்தது அவருக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. கடைசியில் உண்மையைச் சொன்னார்.

"டாக்டரு காதுல மெஷினு மாட்டச் சொல்வாரு. மாட்டுனா என்னை பேக்கிங்குக்குத் தள்ளிருவாங்க. பிரஸ் ஓட்டுன கையால அட்டப்பொட்டிக்கி டேப்பு ஒட்டச் சொல்றியா?"

பேக்கிங்குக்குப் போனால் போகட்டும், ஆள் உயிரோடு இருந்தால் சரி என்பது என் எண்ணம். அது அவர் மண்டையில் ஏறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய குழுவுக்கு ஒரு பரிசு கிடைத்தது. கழிவுத் தகடு குறைகிற மாதிரி ஆறு பேரும் சேர்ந்து ஏதோ ஒரு யோசனை சொன்னார்களாம். ஆளுக்கொரு மிக்சி கிடைக்கும் என்று ஆசையாக இருந்தார்கள். கிடைத்தது சுற்றுலா. பொள்ளாச்சிக்கு மேலே மலையில் ஓர் ஏரி, ஏரியைச் சுற்றி மழைக்காடு, சின்னப் படகில் போய்ப் பறவை பார்ப்பது. மனைவிமாரோடு போகலாம். சூப்பர்வைசரும் கூட வருவார். "குருவி பாக்கறதுக்கு என்னாத்துக்கு அவ்ளோ தூரம்? நம்ம கேண்டீன்லயே நூறு குருவி இருக்குது" என்று என் வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

எனக்கும் ஆசை இல்லைதான். ஆனால் பக்கத்துத் தெருவில் இருக்கிற தோழி, அதே குழுவில் ஒருத்தருடைய மனைவி, தெலுங்குக்காரி, போனில் ஏதோ பார்த்துவிட்டு வந்து, "அக்கா, அங்க ஒரு குருவி அச்சு அசல் மனுசன் மாதிரியே விசிலடிக்குமாம்" என்றாள். என் மூளையில் பல்ப் எரிந்தது. சத்தமே இல்லாத இடம். எல்லாருக்கும் கேட்கிற ஒரு விசில். சூப்பர்வைசர் கண் முன்னால், கூட வேலை செய்கிறவர்கள் கண் முன்னால் இவர் ஒருத்தருக்கு மட்டும் அது கேட்காமல் போனால், அப்புறம் எங்கே ஓடுவார்? என் வாயைக் குறை சொல்ல முடியுமா? குருவியின் வாயைத்தான் சொல்ல முடியுமா? உடனே துணி எடுத்து வைத்தேன்.

ஏரிக்கரையில் பொடித்தூறல். எங்களுக்குப் பறவை காட்ட வந்தது ஓர் இளம்பெண், கழுத்தில் பைனாகுலர். "படகு நடு ஏரிக்குப் போனதுமுங்க எஞ்சினை நிறுத்திப் போடுவேன். யாரும் பேசக் கூடாதுங்க, எந்திரிக்கக் கூடாதுங்க" என்று அழகாகச் சொன்னாள். எங்கள் ஆண்கள் ஆறு பேரும் தலையை ஆட்டினார்கள். எத்தனை பேர் காதில் அது விழுந்தது என்பது பிறகு தெரிந்தது.

படகு போயிற்று. இரண்டு கரையிலும் மரம் என்றால் அப்படி மரம், வானத்தை மறைத்துக்கொண்டு. தண்ணீரில் நிற்கிற மொட்டை மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. அந்தப் பெண் எஞ்சினை நிறுத்தினாள்.

அவ்வளவுதான். ஆறு ஆண்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

பிரஸ் ஷாப்பில் சத்தம் கேட்கும்வரை எல்லாம் நலம். சத்தம் நின்றால் லைன் நின்றுவிட்டது, உடனே ஓட வேண்டும். இருபது வருஷப் பழக்கம் ஏரியில் இறங்கிவிட்டால் போய்விடுமா? படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெண்கள் நாங்கள் கிறீச்சிட்டோம். தோழி தெலுங்கில் எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். என் வீட்டுக்காரர் மட்டும் கலங்காமல், ஏரி முழுக்கக் கேட்கும்படி, "என்னா, மோட்டாரு டிரிப்பாயிருச்சா? நவுருங்க, நான் பாக்கறன்!" என்று எஞ்சின் பக்கம் போனார். ஒரு நீர்க்காகம் பாக்கியில்லாமல் பறந்து போயிற்று.

"உக்காருங்கண்ணே! எல்லாரும் உக்காருங்க!" என்று சூப்பர்வைசர் அலறினார். அவர் மதுரைப் பக்கம், முப்பது வயதுதான் இருக்கும், லைஃப் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

நான் விசிலுக்குக் காத்திருந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "எங்கியோ ஏர் லீக்காவுது" என்றார்.

எங்கள் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. "காத்துக் கொழாயி பிச்சிக்கிச்சி. புஸ்ஸு புஸ்ஸுன்னு வருது பாரு" என்றார். காது போனவருக்கு இல்லாத சத்தமும் கேட்க ஆரம்பித்துவிட்டதே என்று அவர் முகத்தையே பார்த்தேன். அப்போது மரங்களுக்கு மேலே இரண்டு பெரிய பறவைகள் வந்தன. மஞ்சள் மூக்கு, அதற்கு மேல் இன்னொரு மூக்கு. ஒவ்வொரு இறக்கை வீச்சுக்கும் புஸ், புஸ் என்று காற்று கிழிகிறது. மெஷின் போடுகிற சத்தம் மாதிரி இருந்தால் மட்டும் இவர் காது விட்டுவிடுமா?

"இருவாச்சிங்க! இதைப் பார்க்கறக்குன்னே எங்கிருந்தெல்லாமோ வருவாங்க" என்றாள் அந்தப் பெண், சந்தோஷம் தாங்காமல். "எனக்கு முந்தி உங்களுக்குக் கேட்டுப்போச்சுங்களே அண்ணா!"

"அண்ணனுக்குப் பாம்புக் காதுல்ல!" என்று சூப்பர்வைசர் கைதட்டினார். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். உள்ளூர்த் தேர்தலில் ஜெயித்தவன்கூட அப்படிப் பார்க்கமாட்டான். மழைக்காட்டுக்கு இத்தனை தூரம் வந்து என் பிழைப்பு இப்படியா ஆக வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படகு ஓர் ஓடை வாய்க்குள் நுழைந்தது. "இங்கதானுங்க பூங்குருவி. விசிலடிக்கும். எல்லாரும் கண்ண மூடிக்குங்க. கேட்டவங்க கையத் தூக்குங்க" என்றாள். சூப்பர்வைசர் அதையும் போட்டி ஆக்கிவிட்டார். "மொதல்ல யார் தூக்குறாகன்னு பாப்போம். அண்ணன்தான் ஜெயிப்பாரு."

நான் கண்ணை மூடவில்லை. இதற்காகத்தானே வந்தேன்.

வந்தது விசில். மெலிசாக, வேலைவெட்டி இல்லாத ஓர் ஆள் பாட்டை மறந்துவிட்டு நினைவுக்குக் கொண்டுவருகிற மாதிரி, விட்டு விட்டு. எனக்கே ஒரு நொடி வந்த காரியம் மறந்துபோயிற்று. தோழி கையைத் தூக்கினாள். ஒவ்வொருத்தராகத் தூக்கினார்கள். மற்ற ஐந்து ஆண்களும்கூடக் கொஞ்சம் தாமதமாகத் தூக்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் தூக்கவில்லை.

அவர் ஏமாற்றவும் இல்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடி, கழுத்தை நீட்டி, வாய் லேசாகத் திறந்து, இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று காத்துக்கொண்டிருந்தார். தூறல் முகத்தில் வழிகிறது, அதைக்கூடத் துடைக்கவில்லை. குருவியோ பாடிக்கொண்டே இருக்கிறது. ஐயோ, அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது. என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. சூப்பர்வைசர் கண்ணைத் திறந்து அவர் பக்கம் திரும்பினார்.

நான் என் வீட்டுக்காரர் தொடையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினேன்.

கொஞ்சம் அதிகமாகக் கிள்ளிவிட்டேன் போலிருக்கிறது. "ஆ!" என்று இரண்டு கையையும் தூக்கினார். குருவி பாட்டை நிறுத்திவிட்டுப் பறந்துபோயிற்று. சூப்பர்வைசர் சிரித்துவிட்டு, "அண்ணன் சொக்கிப்போயிட்டாருப்பா" என்றார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. எல்லாருடைய கையையும் பார்த்தார். பிறகு தன் தொடையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கரையில் இறங்கும்போது அவர் கணுக்காலில் அட்டை ஒட்டியிருந்தது, அதைக்கூடக் கவனிக்காமல் நடந்தார்.

ராத்திரி கிளம்பிய வேன், விடிகிற நேரத்தில் ராயக்கோட்டையைத் தாண்டி ஓசூர் ரோட்டில் வந்துகொண்டிருந்தது. எல்லாரும் தூக்கம். சானமாவுக் காடு வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். கன்னடக்காரர், பயந்த சுபாவம். "ராத்திரி இங்க யானக் கூட்டம் நின்னுச்சாம். யாரும் சத்தம் மாடாதீங்க" என்றார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் என் பக்கம் குனிந்தார்.

"அந்தக் குருவி எப்பிடிக் கத்துச்சி?"

மெதுவாகக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை. கையால் காட்டலாமென்று கையைத் தூக்கினேன். டீக்குக் கை இருக்கிறது, மிக்சிக்குக் கை இருக்கிறது, இதற்கு எதைக் காட்டுவது? காதோரம் போய் வாயால் சொல்லிப் பார்த்தேன். "என்னா?" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். "என்னா?"

இரண்டு விரலை நாக்குக்கடியில் மடக்கி அடித்தேன் ஒரு விசில்.

வேன் கிறீச்சென்று நின்றது. முன்சீட்டில் தூங்கிய சூப்பர்வைசர் கண்ணாடியில் முட்டிக்கொண்டார். "அய்யய்யோ, யாரும்மா அது! ஆனெ பருத்தெம்மா, ஆனெ!" என்று டிரைவர், யானை வந்துவிடும் என்ற பயத்தில், ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டார். தோழி விழித்துக்கொண்டு, எதற்கென்றே தெரியாமல், மறுபடி சாமியைக் கூப்பிட்டாள்.

என் வீட்டுக்காரர் மட்டும் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். "இது கேக்குது" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "நீ விசிலடிப்பன்னு சொல்லுவ, கல்யாணத்துக்கு அப்பறம் ஒரு நாளும் அடிச்சதே இல்லியே?"

"அடிச்சன்."

"எப்போ?"

"அன்னிக்கி. ஃபேக்டரி கேட்டு முன்னால, லாரி வந்தப்போ. ரெண்டு தடவ அடிச்சன்."

இதை நான் கத்திச் சொல்லவில்லை. ஆனால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், புரிந்துவிட்டது. சிரிப்பு போய்விட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே யானை எதுவும் இல்லை, வெறும் காடுதான். டிரைவர் சாமி கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார், தோழி பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல்.

பிறகு முன்சீட்டைப் பார்த்து, "சார், திங்கக்கெழம எனக்கு லீவு வேணும்!" என்றார்.

சூப்பர்வைசர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே திரும்பினார். "எதுக்குண்ணே?"

"காதுக்கு சார்!" என்றார் என் வீட்டுக்காரர், சானமாவுக் காட்டில் இருக்கிற யானைகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி.